உன் மகளின் இரண்டு பிறந்தநாள்கள்

என் ஆசைச் சகாயத்துக்கு,

கல்லறைத் திருநாள் வருகிறது. உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. சாமந்தி மாலைக்கும் சொல்லி வைத்துவிட்டேன். வழக்கம்போல மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்து, ஊர்க்கதை நாலு பேசிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த வருஷம் சொல்ல வேண்டியதை அங்கே நின்றுகொண்டு சொல்ல முடியாது. ஆரம்பித்தால் கத்திவிடுவேன். சுற்றிலும் ஜனங்கள் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜெராக்ஸ் கடை விஜயா கல்லறையோடு சண்டை போட்டாள் என்று பேர் வரும். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் அச்சுக்கும் கொடுக்கிறேன்.

எனக்குக் கோபம், சகாயம். ஹாக்கி லீக் நடத்துகிறவர்கள் மேல் கோபம். மைக் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவன் மேல் கோபம். உன் மேலும் கொஞ்சம். காய்ச்சல் என்று படுத்தாய், பத்தே நாளில் போய்விட்டாய். இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாமல் பண்ணிவிட்டாயே, அது நியாயமா? இன்னொருத்தி மேலும் கோபம் உண்டு. அவள் யார் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஜெனியைப் பற்றி. உன் மகள் இப்போது என்னைவிட உயரம். பத்தாவது படிக்கிறாள். வகுப்பிலேயே வயசில் சின்னவள் அவள்தான், வளர்த்தியில் பெரியவளும் அவள்தான். அவள் அப்பா அந்தோணி அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டு ஹூப்ளி, பெங்களூர் என்று போய்விட்டால் வாரத்தில் ஐந்து நாள் என் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். என்னைப் பெரியம்மா என்கிறாள். மீன் குழம்பு உன் கைப்பக்குவம் வரவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள்.

ஹாக்கியில் நீ சென்டர் ஹாஃப் ஆடினாய். நான் உப்புக்குச் சப்பாணி. மூன்று வருஷம் ரிசர்வில் உட்கார்ந்து உங்களுக்கெல்லாம் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தவள். இவள் நம் இரண்டு பேரையும் போல இல்லாமல் கோல்கீப்பர் ஆகிவிட்டாள். காலில் பேடு, நெஞ்சில் பேடு, தலையில் இரும்புக் கூண்டு. ஆடி மாசத்து வெயிலில் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு நா வறளும். போனில் எந்நேரமும் எந்த நாட்டிலோ ஐஸ் தரையில் ஆடுகிற ஹாக்கியைப் பார்க்கிறாள். "பெரியம்மா, அங்க கீப்பருக்கு வேர்க்கவே வேர்க்காதுல்ல?" என்பாள். "நமக்கு ஐஸுன்னா குச்சி ஐஸுதான், ஜல்தியா கெளம்பு, பஸ்ஸு போய்டும்" என்று துரத்துவேன்.

இந்த வருஷம் மாவட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று ஜூனியர் லீக் ஒன்று தொடங்கினார்கள். பதினான்கு வயது நிறையாதவர்களுக்கு. எட்டு அணி, ஆடியில் ஆரம்பித்து ஐப்பசி வரை, ஞாயிற்றுக்கிழமை தோறும். பெரும்பாலும் விழுப்புரத்து மைதானத்தில். விண்ணப்பம், போட்டோ, சான்றிதழ் நகல் என்று பாதி வேலை ஜெராக்ஸ்தான் என்பதால் பி.டி. மிஸ் என்னையே நம் திண்டிவனம் அணிக்கு மேனேஜர் ஆக்கிவிட்டார். ஜெனியின் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அந்தோணி அண்ணன் அன்றைக்கு ஹூப்ளியில். வயதுச் சான்று என்று உன் அலமாரியில் இருந்த ஞானஸ்நானச் சான்றிதழை நகல் எடுத்து வைத்தேன். லீக் செயலாளர் அதை வாங்கிப் பார்த்தார், முத்திரை குத்தினார், கோப்பில் சேர்த்தார். இதை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

என்ன ஒரு சீசன் தெரியுமா! காலை பஸ்ஸில் பதினைந்து பிள்ளைகள், ஒரு மூட்டை ஸ்டிக், கீப்பர் பேடு திணித்த ஒரு சாக்கு. சாக்கில் இருந்து வருகிற வேர்வை நாற்றத்துக்குப் பக்கத்து சீட்டில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். கண்டக்டர், "இன்னாம்மா, உள்ள இன்னா செத்துக்கினு கெடக்குது?" என்று கேட்காத ஞாயிறு கிடையாது. ஒரு ஆட்டம் உங்கள் முகையூர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில். போய் இறங்கினால் மைதானம் முழுக்க மல்லாட்டைக் கடலை காயப் போட்டிருக்கிறார்கள். அம்பயர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார். மல்லாட்டைக்குச் சொந்தக்காரர், "ரெண்டு மணி நேரம் போவட்டும்மா, ஈரமாக்கீது" என்கிறார். கடைசியில் இரண்டு அணிப் பிள்ளைகளும் சேர்ந்து கூட்டி வாரி மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கியது. இடைவேளையில் பார்க்கிறேன், நம் பிள்ளைகள் அத்தனை பேர் பையிலும் மல்லாட்டை. அன்றைக்கு நான்கு கோல் போட்டோம்.

ஏழு ஆட்டத்தில் ஆறு ஜெயித்தோம், ஒன்று சமம். அந்த ஏழு ஆட்டத்திலும் சேர்த்து உன் மகள் விட்டது மூன்றே கோல். செமி ஃபைனலில் ஒன்றுகூட விடவில்லை. கடைசி நிமிஷத்துப் பெனால்டி கார்னரில் பந்தைக் காலால் எத்திவிட்டு அவள் எழுந்து நின்றபோது நான் வெட்கமில்லாமல் விசிலடித்தேன். உன் ஞாபகம் வந்து அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது கஷ்டம்.

ஃபைனலுக்கு வந்துவிட்டோம் என்று பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஃபைனலுக்கு முன்னால் எல்லாருடைய ஆதார் அட்டையையும் பார்க்க வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடத்துத் தேதி. அது எனக்கு உறைக்கவே இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரி நான், ஒரு நாளைக்கு நூறு ஆதார் என் கையால் போகிறது, இந்த ஒன்றை உற்றுப் பார்க்கவில்லை.

கால் மணி நேரத்தில் மைக்கில் செயலாளரின் குரல். "திண்டிவனம் அணியின் கோல்கீப்பர் வயது மோசடி செய்திருப்பது தெரியவந்துள்ளது. அந்த அணி பெற்ற புள்ளிகள் அனைத்தும் நிறுத்தி வைக்கப்படுகின்றன."

மோசடியாம். பதிமூன்று வயசுப் பிள்ளையை, இன்னும் காலில் பேடுகூடக் கழற்றாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவளை, ஊரே பார்க்க ஒலிபெருக்கியில் மோசடிக்காரி என்றார்கள். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மிஸ்ஸைக் கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டு அறிவித்தால் மைக் கோபித்துக்கொள்ளுமா? எதிர் அணியின் அம்மாமார்கள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

படிக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஜூன் முதல் வாரத்தில்தான் பிறந்தநாள். பள்ளியில் சேர்க்கப் போகும்போது பிள்ளைக்கு ஐந்து முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதும், ஹெட்மாஸ்டர் ஜூனில் ஒரு தேதி போட்டுக்கொள்வார். எனக்கே ஜூன் மூன்று. நான் பிறந்தது மார்கழிக் குளிரில் என்று அம்மா சொல்வாள். உனக்கும் ஜூன். நம்மில் யார் மூத்தவள் என்று நமக்கே தெரியாது. நீ சண்டை போட்டு இளையவள் ஆனாய், அதனால் நான் பெரியம்மா ஆனேன். ஜெனி பிறந்தது பங்குனியில். திண்டிவனத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றுகொண்டிருந்தேன், எனக்குத் தெரியாதா? ஆனால் பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் ஜூன் ஒன்று. அதுவும் முந்தின வருஷத்து ஜூன். பத்து மாதம் கூட்டிப் போட்டது. அந்தத் தேதிப்படி அவளுக்குப் பதினான்கு முடிந்துவிட்டது. நிஜத்தில் பதிமூன்றரைதான்.

வயசைக் குறைத்து ஆடினால் மோசடி. இங்கே வயசைக் கூட்டியதல்லவா இருக்கிறது? நிஜ வயதைக் கொடுத்து ஆடிய பிள்ளைக்கு மோசடிப் பட்டம் எப்படி வரும்? இதை நான் அன்றைக்கே செயலாளரிடம் கேட்டேன். "பொதங்கெழம வாங்கம்மா, பேப்பரோட வாங்க. அதுக்கு முந்தி பேஜாரு பண்ணாதீங்க" என்றார்.

திங்கள் கடையைச் சாத்தினேன். நகராட்சி அலுவலகத்தில் பிறப்புப் பதிவு எடுக்கப் போனேன். தேதி இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, தாய் சகாயமேரி என்று இருக்கிறது. குழந்தை பெயர் என்ற இடத்தில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது. பேர் வைத்த பிறகு போய்ப் பதிய வேண்டும் என்பது உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை முகையூர். கோயில் ஃபாதர் பெரிய பதிவேட்டைத் தூக்கி வந்து விரல் வைத்துத் தேடினார். ஜெனிட்டா, தாய் சகாயமேரி, பிறந்த தேதி அதே பங்குனித் தேதி. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இல்லாத பேர் கோயில் புத்தகத்தில் இருந்தது. நகலில் ஃபாதர் கையெழுத்துப் போட்டு, "ஃபைனல்ல ஜெயிச்சிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

காகிதம் கையில் வந்துவிட்டது. ஆனால் வீட்டில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஞாயிறு சாயங்காலமே ஜெனி கேட்டாள், "பெரியம்மா, எங்கம்மா ஏன் ஸ்கூல்ல பொய் சொன்னாங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பல்லாம் எல்லாரும் அப்படித்தாம்மா போட்டாங்க" என்றேன்.

திங்களும் கேட்டாள். "அம்மா எதுக்குமே பொய் சொல்ல மாட்டாங்களே. நான் பத்து ரூபா மிட்டாய் வாங்கினு வந்து இல்லன்னாகூட அடிப்பாங்களே" என்றாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் இப்ப எதுக்கு, படி" என்றேன். செவ்வாய்க்கிழமை அவள் கேட்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

உனக்குத் தெரியும், சகாயம். இது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். சொன்னது நீ இல்லை.

உனக்கு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்த ஜூன் அது. வேன் காலை ஏழு மணிக்கு வரும், திரும்ப ஆறு ஆகும். பால்வாடி மதியத்தோடு சரி. பள்ளிக்கூடம் என்றால் சத்துணவு உண்டு, நாலு மணி வரை உள்ளே வைத்திருப்பார்கள், என் கடைக்கு எதிர்த்த தெருவில்தான் இருக்கிறது, விட்டதும் நான் போய்க் கூட்டி வந்துவிடலாம். இந்தக் கணக்கெல்லாம் போட்டது நான். பிள்ளைக்கு நாலு வயசும் இரண்டு மாதமும். ஹெட்மாஸ்டர் உன்னைப் பார்த்து, "அஞ்சு முடிஞ்சுதாம்மா?" என்றார். நீ வாயைத் திறக்கவில்லை, தரையைப் பார்த்தாய். உன்னை முந்திக்கொண்டு, "முடிஞ்சிடுச்சு சார், போன மாசமே" என்றவள் நான். எவ்வளவு சுளுவாக வந்தது அந்த வார்த்தை!

அதைச் சொன்னதற்காக எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்று நாள், உன் மகள் கேட்கக் கேட்க, உன் தலையில் அதைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதற்குத்தான் வெட்கம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊரைச் சொல்வேன். அந்த மூன்று நாளும் அது என் வீட்டிலேயே நடந்தது. நான் முதலில் சொன்ன அந்த இன்னொருத்தி நான்தான். ஏன் சொல்லவில்லை என்கிறாயா? உன் பிள்ளைக்கு நான் வேண்டாதவளாகிவிடுவேனோ என்ற பயம். செத்தவளுக்கு இனி என்ன போகப்போகிறது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன், நீ திட்டு.

புதன்கிழமை மைதானத்து அறையில் விசாரணை. ஒரு மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் ஜெனியும் மிஸ்ஸும் நானும். செயலாளர் பிறப்புப் பதிவைத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாம்மா இது, பேரே இல்ல. பெண் குழந்தைன்னு போட்டுக்குது. இந்தப் பெண் குழந்தைதான் இந்தப் பொண்ணுன்னு நாங்க எப்பிடி நம்பறது?"

"பெத்தவ பேரு இருக்குதே சார். அதே தேதிதான் கோயில் புக்குலயும் இருக்குது, அதுல பொண்ணு பேரும் இருக்குது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

"சர்ச்சுப் பேப்பர்லாம் செல்லாதும்மா."

"ஆடி மாசம் இதே பேப்பர வாங்கி நீங்கதான சார் சீல் குத்துனீங்க? அப்ப செல்லுச்சு, இப்ப செல்லாதா? நடுவுல நாங்க ஜெயிச்சது ஒண்ணுதான் சார் நடந்துக்கீது."

அவர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த வயசானவர் கொஞ்சம் நிதானமானவர். இரண்டு காகிதத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "தேதி சரியாத்தான் இருக்குதுங்க" என்றார். பிறகு மூன்று பேரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்கள். இதில் ஜெனியும் பாதுகாவலரும் கையெழுத்துப் போட்டால் புள்ளிகள் திரும்ப வரும், ஞாயிறு ஃபைனல் ஆடலாம்.

தாளில் இருந்தது இது: 'காலஞ்சென்ற எனது தாயார் சகாயமேரி, என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது வேண்டுமென்றே பொய்யான பிறந்த தேதியை அளித்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.'

ஜெனி அதை இரண்டு தடவை படித்தாள். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"சைன் போட மாட்டேன் சார்."

மிஸ் பதறிப்போனார். "ஜெனி, பிள்ளைங்க எல்லாம் வெளிய காத்துக்கினு இருக்காங்கடா. ஒரு கையெழுத்துதான்டா."

"எங்கம்மா வந்து பதில் சொல்ல முடியாது மிஸ். அவங்க இல்லாத எடத்துல அவங்கள பொய்க்காரின்னு நான் எழுதித் தர மாட்டேன். நான் ஆடல. ரம்யாவ கீப்பரா நிக்க வையுங்க. நான்தான மோசடி, என்னத் தூக்கிட்டா அவங்க ஆடலாம்ல சார்?"

பதிமூன்று வயசு, சகாயம். அந்த மேசையைச் சுற்றி இருந்த பெரியவர்கள் ஐந்து பேரில் ஒருத்தருக்கும் அந்த வாக்கு வரவில்லை. பொய் என்று அவளே நம்பிக்கொண்டிருக்கிறாள். மூன்று நாளாக உன் மேல் மனசு உடைந்து கிடக்கிறாள். ஆனாலும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். நான் உயிரோடு, வாயோடு, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

தாளைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கத்தில் எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்தேன்: 'ஜெனிட்டாவைப் பள்ளியில் சேர்த்த அன்று ஐந்து வயது முடிந்துவிட்டது என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னது விஜயாவாகிய நான். அவள் தாய் சகாயமேரி அதைச் சொல்லவில்லை. பொய் என்னுடையது.'

நான் ஜெனியைப் பார்க்கவில்லை, தைரியம் இல்லை. செயலாளருக்கு யாருடைய பொய் என்பது பொருட்டே இல்லை, கோப்பில் வைக்க ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். "சரி, ஃபைனல் ஆடிக்கட்டும். ஆனா பொய்த் தகவல் குடுத்தவங்க ரெண்டு வருஷத்துக்கு லீக் கிரவுண்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது" என்றார். "அப்ப மைக்குல மோசடின்னு சொன்னீங்களே சார், அத எப்ப வாபஸ் வாங்குவீங்க?" என்றேன். "அதெல்லாம் நோட்டீஸ் போர்டுல போட்டுடுவோம்மா" என்றார்.

சொல்வது ஒலிபெருக்கியில், திருப்பி வாங்குவது நோட்டீஸ் போர்டில். அந்தப் போர்டு கழிப்பறைக்குப் போகிற வழியில் இருக்கிறது.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜெனி முன்னால் மிஸ்ஸோடு உட்கார்ந்துகொண்டாள். விக்கிரவாண்டி தாண்டியதும் எழுந்து வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"மூணு நாளு பெரியம்மா. மூணு நாளு எங்கம்மாவ பொய்க்காரின்னு நெனச்சுக்கினு இருந்தேன். நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றும் அடுத்த இரண்டு நாளும் அந்தோணி அண்ணன் வீட்டிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாள். சனிக்கிழமை அவர் வந்ததும் எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னேன். அவர், "நீ எங்கிட்டயாச்சும் அப்பவே சொல்லியிருக்கலாம் விஜயா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அதே பஸ்ஸில் போனேன். மைதானத்து இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றேன். கம்பி வழியாகப் பாதி மைதானம் தெரியும். எதிர் அணியின் சென்டர் ஃபார்வர்டு தானே ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பதிமூன்று வயசாம். சான்றிதழ் பக்காவாக இருக்கிறதாம். கேட்கிறவன் கேணையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுமாம். ஆனால் என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரு பிள்ளையின் வயசைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்ல எனக்கு இந்த மாசம் யோக்கியதையும் இல்லை. அதோடு விட்டுவிடுகிறேன்.

முதல் பாதி முழுக்க ஜெனி என் பக்கத்து கோலில் நின்றாள். மூன்று பெனால்டி கார்னர் தடுத்தாள். முந்தின நாள் மழையில் தரை சேறாகியிருந்தது. எழும்போதெல்லாம் பேடில் சேறு கிலோக்கணக்கில் அப்பிக்கொண்டது. இரண்டாம் பாதி எனக்குத் தெரியாத பக்கம். கூச்சலை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். கடைசியில் ஒரு பெரிய கூச்சல் வந்தது. அது நம் பிள்ளைகளின் குரல் இல்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

தோற்றதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆடித் தோற்றார்கள். பரிசளிப்பு தொடங்கியது. செயலாளர் மைக்கைப் பிடித்தார். இரண்டாமிடம் திண்டிவனம் என்றார். பிறகு சொன்னார்: "அந்த அணியில் வயது சம்பந்தமாகச் சில தவறுகள் இருந்தபோதிலும், கமிட்டி பெருந்தன்மையோடு அவர்களை ஆட அனுமதித்தது."

பெருந்தன்மையாம்!

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தேன். வாட்ச்மேன், "யம்மா, உன்ன உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்கம்மா" என்றார். "தெரியும்ணா, நீ பாக்கலன்னு சொல்லிடு" என்றேன். மேடைக்கு முன்னால் போய் மைக்கைக் கேட்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருபது வருஷம் கடை நடத்துகிறவளுக்கு மைக் எதற்கு?

"எல்லாரும் கேட்டுக்குங்க. திண்டிவனம் கீப்பர் ஜெனிட்டாவுக்கு வயசு பதிமூணு. அவ மோசடி பண்ணல. அவங்கம்மா சகாயமேரி பொய் சொல்லல. ஸ்கூல்ல பொய் சொன்னவ நான். போன ஞாயித்துக்கெழம மைக்குல சொன்னது தப்பு. அந்தத் தப்ப இவரு வாபஸ் வாங்கல. அதனால நான் சொல்றேன்."

செயலாளர், "தடைய நாலு வருஷம் ஆக்கிடுவேன்" என்றார். "ஆக்கிக்குங்க சார்" என்றேன். கை தட்டினவர்கள் இல்லை. சிலர் போனில் படம் எடுத்தார்கள். எதிர் அணி அம்மா ஒருத்தி மட்டும் நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, "உக்காருங்கக்கா, தண்ணி குடிங்க" என்றாள். நான் உட்காரவில்லை. உள்ளே இருக்கத் தடையாயிற்றே, நடந்து வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜெனி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேற்றோடு, அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு. முண்டியம்பாக்கத்தில் பஸ் நின்று கிளம்பியது. பிறகு கேட்டாள்.

"நீங்க சொன்னப்ப எங்கம்மா இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன், சகாயம். நீ தரையைப் பார்த்ததைச் சொன்னேன். அவள் கையை நீ இறுக்கிப் பிடித்த பிடியில் வலிக்குது என்று அவள் கையை இழுத்ததைச் சொன்னேன். அந்த வாரமே நீ ஃபாதரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனதையும், 'சொன்னவ நானு, நீ எதுக்குடி போற?' என்று நான் சிரித்ததையும், 'கேட்டுக்கினு நின்னேன்ல' என்று நீ சொன்னதையும் சொன்னேன்.

"அவ்ளோ பயந்தாங்களா?"

"ஏழு மணிக்கு வேன் வந்துடும். உன்ன எங்க வுட்டுட்டுப் போறதுன்னுதான் பயம். வேற ஒண்ணும் இல்ல."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டிவனம் மேம்பாலம் ஏறும்போது, அந்தப் பக்கம் திரும்பியபடியே சொன்னாள். "எனக்கு அந்த ஸ்கூல் ரொம்பப் புடிச்சிருந்துது பெரியம்மா. மதியம் முட்டை குடுப்பாங்க. ஒரு நாளும் நான் அழுவல. கல்லறைக்குப் போனா அம்மாகிட்ட சொல்லிடுங்க."

நீயே சொல்லேன்டி என்றேன். "சொல்லுவேன். ஆனா அன்னிக்கி நீங்கதான அவங்ககூட இருந்தீங்க. நீங்க சொன்னாதான் நம்புவாங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன், சகாயம். கோபத்தில் தொடங்கிய கடிதம்தான், கோபம் இன்னும் தீரவில்லை, அந்த நோட்டீஸ் போர்டில் இன்று வரை ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டவில்லை. ஆனால் இதைச் சொல்லத்தான் எழுதினேன். உன் பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் அழவில்லை.

பத்தாவது மதிப்பெண் பட்டியலில் தேதி ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடாம். பரீட்சைக்கு முன்னால் மாற்றிவிடுவேன். எந்த அலுவலகத்துப் படியில் எத்தனை நாள் நிற்கச் சொன்னாலும் நிற்பேன். 'பெண் குழந்தை' என்ற இடத்தில் ஜெனிட்டா என்று எழுத வைப்பேன். போகிற இடத்திலெல்லாம் முதல் வார்த்தையாக, பொய் சொன்னது நான் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் உடன்பிறவா அக்கா,
ஜெனிட்டாவின் பெரியம்மா,
விஜயா
திண்டிவனம்